மிதிக்கட்டைக்குள் உருளும் குண்டுகள்

பள்ளி விடுமுறை முடியப் போகும் ஒரு சனிக்கிழமை மாலை. பக்கத்து வீட்டு மாணவி தன் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவள் படிவம் இரண்டில் படிக்கிறாள். அவளுடைய தாயார் விடியற்காலையிலேயே தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவதால், மழையோ வெயிலோ அவள் மிதிவண்டியில்தான் பள்ளிக்குப் போக வேண்டும்.

“மாமா, மிதிக்கும்போது ‘கரக் கரக்’ என்று சத்தம் வருகிறது. இடது பக்கம் கால் வழுக்குவது போலவும் இருக்கிறது. கடையில் இரண்டு மிதிக்கட்டைகளையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அம்மாவிடம் இப்போது கேட்க முடியாது. கொஞ்சம் பார்க்கிறீர்களா?” என்றாள்.

“மாற்றத்தான் வேண்டுமா என்று திறந்து பார்த்தால்தானே தெரியும்? வாம்மா, நீயே திற. நான் உடனிருக்கிறேன்,” என்றேன். அன்று மாலை நாங்கள் செய்த வேலையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

மிதிக்கட்டை பார்ப்பதற்கு எளிய பொருள். ஆனால், அதன் வேலை எளிதன்று. நீங்கள் மேட்டில் ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கிறீர்கள். அப்போது உங்கள் உடல் எடை முழுவதும் ஒரே மிதிக்கட்டையின் மேல் இறங்குகிறது. அந்தச் சுமையோடுதான் அது சுழலவும் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 60 சுற்று வீதம் 20 நிமிடம் மிதித்துப் பள்ளிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். போக வர 2400 சுற்று. ஐந்து பள்ளி நாளில் 12,000 சுற்று! இவ்வளவு சுழற்சியையும் தாங்குவது மிதிக்கட்டைக்குள் இருக்கும் பேரிங். தமிழில் அதைத் தாங்கி என்றும் சொல்வதுண்டு.

பேரிங் எப்படி வேலை செய்கிறது? மேசையின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். பிறகு அதே புத்தகத்தின் அடியில் ஏழெட்டுக் கோலிகளைப் பரப்பிவிட்டுத் தள்ளிப் பாருங்கள். முதலில் உரசி நின்ற புத்தகம், இப்போது விரல் பட்டதும் ஓடும். உரசி நகர்வதைவிட உருண்டு நகர்வதற்குக் குறைந்த விசையே போதும். மிதிக்கட்டைக்குள்ளும் இதுவே நடக்கிறது. நடுவில் எஃகு அச்சு ஒன்று உண்டு. அச்சின் ஒரு முனை கிராங்கில், அதாவது மிதிக்கட்டையைத் தாங்கும் உலோகக் கையில், திருகப்பட்டிருக்கும். மிதிக்கட்டையின் உடல் அந்த அச்சைச் சுற்றிச் சுழலும். உடலுக்கும் அச்சுக்கும் இடையே, கிராங்க் பக்கத்தில் ஒரு வரிசையும் வெளிப்பக்கத்தில் ஒரு வரிசையுமாக எஃகுக் குண்டுகள் இருக்கும். மிளகைவிடக் கொஞ்சம் சிறியவை அவை. பெரும்பாலான மிதிக்கட்டைகளில் அவற்றின் விட்டம் 5/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்.

இக்குண்டுகளுக்கும் மிதிவண்டிக்கும் நெடுநாள் உறவு உண்டு. பாரிஸில் மிதிவண்டித் தொழில் செய்த ஜூல் சுரிரே என்பவர் 1869ஆம் ஆண்டு குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவாங் நகர் வரை ஒரு நெடுந்தூர மிதிவண்டிப் போட்டி நடைபெற்றது. குண்டு பேரிங் பொருத்திய வண்டியை ஓட்டிய ஜேம்ஸ் மூர் அதில் வெற்றி பெற்றார். ஆனால், ஒரு சிக்கல் நீடித்தது. எல்லாக் குண்டுகளையும் ஒரே அளவாகச் செய்வது அந்நாளில் மிகக் கடினம். ஒரு குண்டு மட்டும் சற்றே பெரியதாக இருந்தாலும் சுமை முழுவதும் அதன் தலையில் விழும். மற்றவை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். 1883ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் என்பவர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகவும் சரியான உருண்டையாகவும் சாணை பிடிக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகே அச்சிக்கல் தீர்ந்தது. வீட்டில் பேரிங்கைப் பழுதுபார்க்கும் நமக்கும் இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. பழைய குண்டுகளோடு புதிய குண்டுகளைக் கலந்து போடக் கூடாது. தேய்ந்தவை சிறுத்திருக்கும். ஆகவே, மாற்றினால் ஒரு வரிசை முழுவதையும் மாற்ற வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். எதையும் கழற்றுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது நல்லது. மிதிக்கட்டையைக் கையால் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் உள்ளே தளர்ச்சி இருக்கிறது. அடுத்து, விரலால் மெல்லச் சுழற்றுங்கள். மணலை அரைப்பது போன்ற உணர்வு விரலில் பட்டால் உள்ளே அழுக்கோ துருவோ சேர்ந்திருக்கிறது. இரண்டும் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் அவசரப்பட வேண்டாம். மிதிக்கட்டை கிராங்கில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைக் கம்பியிலிருந்துகூட இப்படிப்பட்ட சத்தம் வரும். எங்கள் மாணவியின் வண்டியில் வலது மிதிக்கட்டை அரைத்தது. இடது மிதிக்கட்டை அரைத்ததோடு ஆடவும் செய்தது. அதன் வெளிப்பக்கத்து மூடியையும் காணோம்.

“மூடி எப்போது விழுந்தது?” என்று கேட்டேன்.

“போன வருசமே விழுந்துவிட்டது மாமா. அழகுக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.”

அது அழகுக்கு அன்று. சக்கரம் வாரி இறைக்கும் மழைநீரும் சேறும் முதலில் போய்ச் சேரும் இடங்களுள் மிதிக்கட்டையும் ஒன்று. மூடி இல்லாத துளை வழியே நீர் உள்ளே போகும். கிரீஸ் வெளுத்துக் கழுவப்பட்டுவிடும். கிரீஸ் போன எஃகில் துரு பிடிக்கும். துருப்பொடியோ மணல் போன்றது. குண்டுகள் சுழலச் சுழல, அப்பொடி குண்டுகளையும் அவை ஓடும் பாதையையும் அரைத்துவிடும்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், உள்ளேயிருக்கும் நட்டுக்குப் பொருந்தும் சாக்கெட் ஸ்பேனர், சிறிய திருப்புளி, பழைய பல்துலக்கி, துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், கிரீஸ், புதிய குண்டுகள். குண்டுகளை மிதிவண்டிக் கடையில் எண்ணி வாங்கலாம். பழைய குண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் அளவு தவறாது. உதிரிகளைப் போட்டுவைக்க மைலோ டின் மூடி ஒன்றையும் எடுத்துக்கொண்டோம்.

வீடுகளில் பொருளை இறுகப் பிடித்துக்கொள்ளும் பட்டறைப் பிடிப்பான் இருக்காது. அதனால், மிதிக்கட்டை வண்டியில் இருக்கும்போதே வெளிப்பக்க மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்து, உள்ளேயிருக்கும் பூட்டு நட்டைச் சற்றே தளர்த்திவிடுங்கள். கிராங்கே அச்சை அசையாமல் பிடித்துக்கொள்ளும். முழுவதும் கழற்ற வேண்டாம், தளர்ந்தால் போதும்.

அடுத்து மிதிக்கட்டையைக் கிராங்கிலிருந்து கழற்ற வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது. வலது மிதிக்கட்டையை அவள் எளிதாகக் கழற்றிவிட்டாள். இடது மிதிக்கட்டை அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் அழுத்தினாள்.

“நில்லும்மா, நீ அதைக் கழற்றவில்லை, இறுக்குகிறாய்,” என்றேன்.

சங்கில் வலம்புரி, இடம்புரி என்று இரண்டு வகை சொல்வார்கள் அல்லவா? திருகாணியின் புரியிலும் அவ்வாறு இரண்டு வகை உண்டு. நாம் அன்றாடம் காணும் திருகாணிகளைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் இறுகும். வலது மிதிக்கட்டை அந்த வகை. இடது மிதிக்கட்டையோ எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி இருக்குமாறு மாட்டி, அதைப் பின்சக்கரப் பக்கமாகத் தள்ளினால் எந்தப் பக்கத்து மிதிக்கட்டையும் கழலும். முன்சக்கரப் பக்கமாகத் தள்ளினால் இறுகும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சங்கிலிப் பல்சக்கரத்தின் பற்கள் கூர்மையானவை. ஸ்பேனர் திடீரென விடுபட்டால் கை அதில் போய் மோதாதபடி நின்றுகொள்ளுங்கள்.

ஏன் இந்த இடம்புரி? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அகலமான ஒட்டுநாடா வளையம் ஒன்றை மேசைமேல் படுக்க வையுங்கள். அதன் துளையைவிடச் சற்றே சிறிய வட்டமான மூடி ஒன்றை உள்ளே போட்டு, மூடியின் விளிம்பில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மூடியை வளையத்தின் உட்சுவரில் அழுத்தியபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுவரைச் சுற்றி உருட்டுங்கள். மூடி சுவரைச் சுற்றி வருவது ஒரு திசை. புள்ளி நகர்வதோ அதற்கு நேர்மாறான திசை! கிராங்கின் துளைக்குள் மிதிக்கட்டை அச்சும் இப்படித்தான். எவ்வளவு இறுக்கினாலும் புரிகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். கிராங்க் சுற்றும்போது காலின் அழுத்தம் துளையின் சுவரில் இடம் மாறிக்கொண்டே வரும். அதனால், அச்சு மிக மெதுவாக எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். வலது பக்கத்தில் அந்தத் திசை கடிகார முள் திசை. இடது பக்கத்தில் அதற்கு எதிர். இரு பக்கமும் ஒரே புரியாக இருந்தால் இடது மிதிக்கட்டை ஓட ஓடக் கழன்று விழுந்துவிடும். ஆகவேதான் இடப்பக்கத்துக்கு இடம்புரி.

குண்டுகளின் உரசலும் அச்சைத் திருப்பப் பார்க்கிறது. ஆனால், அது கழற்றும் திசையில். நல்ல பேரிங்கில் அந்த உரசல் மிகச் சிறியது, அதனால் தீங்கில்லை. துருப்பிடித்துப் பேரிங் முற்றிலும் இறுகிப்போனால் நிலைமை தலைகீழ். மிதிக்கட்டை அச்சோடு ஒட்டிக்கொண்டு, மிதிக்க மிதிக்கத் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும். சாலை நடுவில் காலடியிலிருந்து மிதிக்கட்டை கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் அவள் இடது மிதிக்கட்டையைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தாள்.

கழற்றிய மிதிக்கட்டையை ஒரு வெள்ளைத் துணியின்மேல், மூடி இருந்த பக்கம் மேலே வருமாறு பிடித்துக்கொண்டோம். பூட்டு நட்டு, அதன் கீழே நாக்கு வைத்த வாஷர், அதன் கீழே கோன் என்ற வரிசையில் வெளிவந்தன. கோன் என்பது கூம்பு வடிவ நட்டு. குண்டுகள் அதற்கும் மிதிக்கட்டையில் பதிந்துள்ள கிண்ணத்துக்கும் இடையேதான் ஓடுகின்றன. கோனை எடுத்ததும் வெளிவரிசைக் குண்டுகள் தெரிந்தன. அவற்றை எடுத்துவிட்டு அச்சை உருவினால் உள்வரிசைக் குண்டுகள் சிதறும், அதற்காகத்தான் துணி. எண்ணி எழுதிவைக்கச் சொன்னேன். வெளிப்பக்கம் 11, உட்பக்கம் 12. எல்லா மிதிக்கட்டையிலும் இதே எண்ணிக்கை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வண்டியில் எத்தனை என்பதை நீங்களேதான் எண்ண வேண்டும். வலது மிதிக்கட்டையின் பாகங்களை ஒரு மூடியிலும் இடது மிதிக்கட்டையின் பாகங்களை வேறொரு மூடியிலும் போடுங்கள். கலந்துவிட்டால் வீண் குழப்பம்.

மண்ணெண்ணெயில் நனைத்த பல்துலக்கியால் எல்லாவற்றையும் தேய்த்துத் துடைத்தோம். இதை வெளித் திண்ணையில், அருகில் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும். மிஞ்சிய அழுக்கு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. ஒரு புட்டியில் ஊற்றிவைத்து வாகனப் பட்டறையில் கொடுத்தால், அவர்கள் மற்றக் கழிவு எண்ணெயோடு சேர்த்துக்கொள்வார்கள்.

துடைத்த பிறகுதான் உண்மை தெரியும். வலது கோனில் குண்டுகள் ஓடிய தடம் மெல்லிய பளபளப்பான கோடாக இருந்தது. விரல் நகத்தால் வருடினால் எங்கும் தட்டவில்லை. அது நல்ல அறிகுறி. இடது கோனிலோ ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள். வெளிப்பக்கக் கிண்ணத்திலும் அதே குழிகள்.

“புதுக் குண்டு போட்டால் சரியாகிவிடாதா, மாமா?”

“குழி விழுந்த சாலையில் புது டயர் போட்டு ஓட்டினால் வண்டி குலுங்காமல் போகுமா?”

கோன் மட்டும் கெட்டிருந்தால் மாற்றுக் கோன் தேடிப் பார்க்கலாம். அதுவும் எளிதில் கிடைக்காது. கிண்ணமோ மிதிக்கட்டையின் உடலில் அழுத்திப் பொருத்தப்பட்டது. மலிவான மிதிக்கட்டையில் அதைத் தனியே மாற்ற முடியாது. கடைக்காரர் சொன்னது பாதி சரிதான் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். சில மிதிக்கட்டைகளைத் திறக்கவே முடியாதபடி அடித்து மூடியிருப்பார்கள். அவற்றோடு போராடுவதைவிடப் புதிய சோடி வாங்குவதே மேல். விலை கூடிய சில மிதிக்கட்டைகளில் தனிக் குண்டுகளுக்குப் பதிலாக முழு வளையமாகவே பேரிங் இருக்கும். அதன் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். 688 என்று இருந்தால் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர். அதே எண்ணுள்ள பேரிங்கை வாங்கிப் பொருத்தலாம். உள்ளே செலுத்தும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். உள்வளையத்தை அழுத்தினால், நடுவிலுள்ள குண்டுகள் விசையைத் தாங்கிப் புதிய பேரிங்கே பழுதாகும்.

இப்போது திரும்பப் பூட்டும் வேலை. கிண்ணத்தில் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ் உராய்வைக் குறைப்பதோடு பசைபோல் குண்டுகளைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். உட்பக்கக் குண்டுகளை ஒவ்வொன்றாக வட்டமாக அடுக்கி, அச்சை மெல்ல நுழையுங்கள். பிறகு மிதிக்கட்டையைத் திருப்பிப் பிடித்து வெளிப்பக்கக் குண்டுகளை அடுக்குங்கள். வட்டத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்கும். ‘இன்னொன்று போடலாமே’ என்று தோன்றும், போட வேண்டாம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் குண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி உரசும்.

கோனைக் கையால் குண்டுகளைத் தொடும்வரை திருகி, வாஷரையும் பூட்டு நட்டையும் போடுங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். கோன் அதிகம் இறுகினால் மிதிக்கட்டை சுழலாமல் திணறும்; தளர்ந்தால் ஆடும். பூட்டு நட்டை இறுக்கும்போது கோனும் சற்று இறுகும் என்பதால், முதலில் கோனை ஒரு மயிரிழை தளர்வாக விட வேண்டும். பூட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, மறுபடி தளர்த்தித் திருத்த வேண்டியிருக்கும். அவளுக்கு நான்கு முறை ஆயிற்று. எனக்கும் ஒரே முறையில் அமைந்ததாக நினைவில்லை. ஐந்தாம் முறை வலது மிதிக்கட்டையை விரலால் சுண்டினாள். சத்தமே இல்லாமல் சுழன்று, மெதுவாக நின்றது. அவள் மறுபடியும் சுண்டினாள், காரணமில்லாமல்.

கிராங்கில் பொருத்துவதற்கு முன், அச்சின் முனையில் பொறித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். ‘ஆர்’ என்றால் வலது. ‘எல்’ என்றால் இடது. புரியில் சிறிது கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கட்டாயம் விரலால்தான் திருக வேண்டும். விரலுக்கு இணங்காவிட்டால் கோணலாக நுழைகிறது என்று பொருள்; கழற்றி மறுபடி நேராக வைக்க வேண்டும். ஸ்பேனரை மாட்டிப் பலவந்தப்படுத்தினால் எஃகு அச்சு, மென்மையான அலுமினியக் கிராங்கின் புரியைச் சிதைத்துவிடும். பிறகு மிதிக்கட்டை அன்று, கிராங்கையே மாற்ற வேண்டி வரும். கடைசியாக ஸ்பேனரால் இறுக்குங்கள். ஏறக்குறைய 35 நியூட்டன் மீட்டர் தேவை. 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 18 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு.

இடது மிதிக்கட்டையையும் சுத்தம் செய்து, புதிய குண்டுகளும் கிரீஸும் போட்டுப் பூட்டினோம். ஆட்டம் நின்றுவிட்டது, மெல்லிய கரகரப்பு மட்டும் மிச்சம். மூடிக்குப் பதிலாகப் பழைய டியூபிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டி ஒட்டினாள். “இது சில மாதம் தாங்கலாம். வாரம் ஒரு முறை விரலால் சுழற்றிப் பார். சுழல மறுத்தால் அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும், புதியது வாங்கும்வரை ஏறவே கூடாது,” என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவளே ஸ்பேனர் கேட்டு வந்தாள். புதிதாகப் பொருத்திய மிதிக்கட்டையைச் சில நாள் ஓட்டிய பின் மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். கைப்பிடியை மேல்நோக்கி வைத்து, யோசிக்காமல் முன்சக்கரப் பக்கமாகத் தள்ளினாள். வலது அசையவில்லை. இடது ஒரு நூலளவு இறுகியது. புதிய சோடிக்காகப் பழைய பிஸ்கட் டின்னில் காசு சேர்க்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள்.

“அதை வாங்கிய பிறகு இந்த வலது மிதிக்கட்டையை என்ன செய்யப் போகிறாய்?”

“தம்பிக்குக் கழற்றிக் காட்டுவேன், மாமா. ஆனால், குண்டுகளை அவன்தான் எண்ண வேண்டும்,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனாள்.